ஒன்று, ஆறு, நாலு, மூன்று

ரெண்டு மாசமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம். மீரட்டுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, இன்னும் இந்த ஊர் ஹிந்தி எனக்குப் பாதிதான் புரிகிறது. ஊரில் கேட்பவர்களிடம் "டெல்லி பக்கத்துல" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அப்படிப்பட்ட ஊரில், முப்பது வருடமாக நான் மூடி வைத்திருந்த ஒரு விஷயத்தின் மூடி திறந்துகொண்டது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீரட் என்றால் நம்மவர்களுக்கு 1857 நினைவுக்கு வரும், கிரிக்கெட் ரசிகர்களுக்கு மட்டை நினைவுக்கு வரும். ஆனால் வட இந்தியக் கல்யாண ஊர்வலங்களில் முழங்குகிற பித்தளை வாத்தியங்களுக்கும் இந்த ஊர்தான் பிறந்த வீடு. ஜலி கோட்டி என்று ஒரு பகுதி. எரிந்த பங்களா என்று அர்த்தம். 1885-ல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனியில் ஆரம்பித்து இன்றைக்குச் சந்துக்குச் சந்து பட்டறைகள். ட்ரம்பெட், யூஃபோனியம், டிரம், பேண்டுக்காரர்களின் ஜரிகைக் கோட்டு வரை எல்லாம் அங்கே கிடைக்கும்.

போன நவம்பரில் அதில் ஒரு பட்டறைக்கு இன்ஸ்பெக்ஷன் போனேன். சின்ன லோன்தான், பத்து லட்சத்துக்குள். ஸ்டாக் ஸ்டேட்மென்டில் எழுதியிருக்கிற பித்தளைத் தகடு நிஜமாகவே இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இருந்தது. தகட்டை வெட்டி, சுருட்டி, ஓரத்தைப் பற்றவைத்து, ஒரு இரும்புத் தண்டின் மேல் மாட்டித் தட்டித் தட்டி வாய் விரிக்கிறார்கள். குழாயை வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே கீல் உருக்கி ஊற்றுகிறார்கள். காது ரெண்டும் அடைத்துப் போகிற சத்தம். நான் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தபோது முதலாளி, எழுபது வயசு இருக்கும், சுவரில் தொங்கியதை எடுத்து ஒரு துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். "பாருங்க சாப், இது நேத்து முடிஞ்சது."

டிராம்போன்.

மற்ற பித்தளை வாத்தியங்களில் பொத்தான் இருக்கும். இதில் ஒன்றும் கிடையாது. ஒரு நீளக் குழாய், அதன் மேல் வழுக்கி ஓடுகிற இன்னொரு குழாய். வலது கையால் அதை முன்னே தள்ளினால் ஸ்வரம் இறங்கும், இழுத்தால் ஏறும். ஏழு இடங்கள். எந்த இடம் எங்கே என்று அடையாளக் கோடு எதுவும் கிடையாது, காதும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் வயலினில் விரல் நகர்வது மாதிரி, ஆனால் இங்கே நகர்வது முழுக் கை.

என் வலது கை தானாகப் போய்விட்டது. ஒன்று, ஆறு, நாலு, மூன்று, ஒன்று, நாலு, ரெண்டு, ஒன்று. ஒரு முழு ஆரோகணம். ஊதவில்லை, கை மட்டும். பெரியவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "மேனேஜர் சாப் வாசிப்பீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு அவசரமாக ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இங்கே ஒரு கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பேண்டு இருந்தது. ஏழாம் வகுப்பில் எனக்கு டிராம்போன் கொடுத்தார்கள். வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம். ஏழாவது இடத்துக்கு அப்போது என் கை எட்டாது. ஆறாவதுக்கே தோளைச் சாய்க்க வேண்டும். மாஸ்டர் சனிக்கிழமை தோறும் கரும்பலகையில் ஐந்து கோடு போட்டு நோட்டேஷன் சொல்லிக்கொடுப்பார். நான் போக மாட்டேன். எனக்கு எதற்கு? ஒருதரம் கேட்டால் வாசித்துவிடுவேன். மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இடங்களின் நம்பரை எழுதிக்கொள்வேன். ஒன்று, ஆறு, நாலு, மூன்று. டெலிபோன் நம்பர் மாதிரி. அப்பாவுக்கு இது பிடிக்காது. "ஏல, இத ஊதி என்னல செய்யப் போற? சோறு போடுமால இது?" என்பார். பி.காம்., பி.எஸ்.ஆர்.பி. பரீட்சை, கிளார்க், பிறகு ஆபீசர். கதை முடிந்தது. இதுவரை யார் கேட்டாலும் இந்த மாதிரிதான் சொல்லி வந்திருக்கிறேன், அப்பா விடவில்லை என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யூட்யூபில் டிராம்போன் என்று தேடிக்கொண்டே போனதில் ஒரு கறுப்பினப் பெண்ணின் படம் வந்தது. கையில் டிராம்போன், சுற்றிலும் கோட்டு போட்ட ஆண்கள். மெல்பா லிஸ்டன். அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அன்றிலிருந்து மூன்று வாரம், சாப்பிடும்போதுகூட அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

1926-ல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் பிறந்தவர். ஏழு வயதில் டிராம்போன் கேட்டு வாங்கியிருக்கிறார். பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிரப் பெரிய காரணம் கிடையாது. ஏழு வயசுக் குழந்தைக்கு அந்தக் குழாய் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கிடார் வாசிக்கிற தாத்தாவோடு உட்கார்ந்து கோயில் பாட்டுகளையும் நாட்டுப் பாட்டுகளையும் காதால் கேட்டே வாசிக்கக் கற்றுக்கொண்டார். எட்டு வயதில் உள்ளூர் வானொலியில் தனியாக வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

இது வரைக்கும் கேள்வி ஞானம். 1937-ல் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆல்மா ஹைட்டவர் என்று ஒரு டீச்சரம்மா. கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்து இசைக்குழு நடத்தியவர், கண்டிப்பானவர். அவரிடம் மூன்று வருடம். மெல்பாவுக்குப் பதினாறு வயசு ஆனபோது இசைக்கலைஞர்கள் சங்கத்தில் சேர்ந்து, லிங்கன் தியேட்டர் என்ற அரங்கின் வாத்தியக் குழுவில் வேலைக்கு உட்கார்ந்தார். மேடையில் வாராவாரம் வேறு வேறு ஆட்டக்காரர்களும் பாட்டுக்காரர்களும் வருவார்கள். அவர்களுக்கு நோட்ஸ் எழுதித் தர ஆள் வேண்டியிருந்தது. அங்கேதான் அவர் எழுத ஆரம்பித்தார்.

எழுதுவது என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. நம்ம ஊரில் ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டிருப்போம் இல்லையா, அந்த வேலை. பதினாறு பேர் உட்கார்ந்திருக்கிற பெரிய ஜாஸ் குழுவில் ஒரு பாட்டின் மெட்டு எல்லோருக்கும் தெரிந்தால் மட்டும் போதாது. நாலு ட்ரம்பெட்டில் யார் மேலே, யார் கீழே, சாக்ஸபோன்கள் எப்போது நுழைய வேண்டும், டிராம்போன்கள் எங்கே வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பதை ஒருவர் மண்டைக்குள் கேட்டுக் காகிதத்தில் இறக்க வேண்டும். அரேஞ்சர் என்று சொல்வார்கள். கைதட்டல் மேடையில் நிற்பவருக்குப் போகும், அரேஞ்சர் பெயர் ரெக்கார்டு அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தாலே பெரிசு.

அடுத்து ஜெரால்ட் வில்சன் என்பவரின் குழு. ஊதுவதோடு அவருடைய நோட்ஸ்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கிற வேலையும் மெல்பாவுக்குத்தான். பிரதி எடுத்தே பாதி கற்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன் (பழைய லெட்ஜரைப் பார்த்து எழுதியே கணக்கு கற்றவர்களை நானும் பார்த்திருக்கிறேன்). 1947-ல் சிறுவயதுத் தோழர் டெக்ஸ்டர் கோர்டனோடு ஒரு ரெக்கார்டிங். அதில் ஒரு பாட்டுக்கு அவரை மனதில் வைத்தே பெயர் சூட்டினார் கோர்டன். பிறகு ட்ரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு. அங்கே சேர்ந்த புதிதில், இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பொம்பளையைக் கூப்பிட்டிருக்கிறாரே என்று ஆண்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். கில்லெஸ்பி பதில் சொல்லவில்லை. மெல்பா எழுதிக் கொண்டுவந்ததை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி, வாசியுங்கள் என்றார். தடுமாறினார்கள். அதற்கு மேல் முணுமுணுப்பு இல்லை.

1949-ல் வில்சன் குழு பாடகி பில்லி ஹாலிடேயோடு தென் மாநிலங்களுக்குப் பயணம் போனது. நிறவெறி சட்டமாகவே இருந்த காலம், இடம். கூட்டம் வரவில்லை. ஆட வந்தவர்களுக்கு இந்தப் புது இசை பிடிபடவில்லை. பணம் தீர்ந்து நடுவழியில் நின்றார்கள். குழுவில் ஒரே பெண் என்பதற்குக் கொடுத்த விலையைப் பற்றிப் பின்னாளில் பேட்டிகளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பாலியல் வன்முறையும் அதில் உண்டு. எனக்கும் கல்லூரியில் படிக்கிற பெண் இருக்கிறாள். அந்தப் பகுதியைப் படித்துவிட்டு அன்று மேலே படிக்கவில்லை.

ஊர் திரும்பிய மெல்பா டிராம்போனை ஓரமாக வைத்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் கல்வித்துறை அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. சில வருடங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் போய் உட்கார்ந்து, ஃபைலைப் புரட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வருடங்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வரும். யாரும் பஸ்ஸில் நடுவழியில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். குமாஸ்தா வேலையைத் தோல்வி என்று சொல்கிறவர்களுக்கு அந்த நிம்மதி தெரியாது. நடுவில் சினிமாவில் துணை நடிகையாகவும் தலை காட்டியிருக்கிறார். 1956-ல் வந்த டென் கமாண்ட்மென்ட்ஸ் படத்தில் இருக்கிறார். நம் வீடுகளில் டப்பிங்கில் எத்தனை தடவை பார்த்திருப்போம், யாருக்குத் தெரியும்?

1956-ல் கில்லெஸ்பி மறுபடி கூப்பிட்டார். அமெரிக்க அரசு தன் செலவில் ஒரு ஜாஸ் குழுவை வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் பயணம் அது. ஈரான், சிரியா, துருக்கி, கிரீஸ் என்று ஒரு சுற்று. கிழக்கே டாக்கா வரைக்கும் வந்தார்கள், மேற்கே கராச்சியில் வாசித்தார்கள், நடுவில் இருந்த இந்தியாவில் மட்டும் வாசிக்கவில்லை. கராச்சியில் பாம்பாட்டியோடு கில்லெஸ்பி ட்ரம்பெட் ஊதுகிற படம் பிரபலம். அந்தக் குழுவுக்கு மெல்பா எழுதிய ஒன்று "மை ரெவெரி". ஃபிரெஞ்சுக்காரர் டெபுஸ்ஸி பியானோவுக்கு எழுதிய மெட்டிலிருந்து வந்தது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பதினாறு பேரும் இருக்கிறார்கள், ஆனால் யாரும் யார் காலையும் மிதிக்கவில்லை.

1958-ல் டிராம்போன்களை முன்னே வைத்துத் தன் பெயரில் ஒரு ஆல்பம் செய்தார், அவர் தலைமையில் வந்தது அது ஒன்றுதான். அடுத்த வருடம் குவின்ஸி ஜோன்ஸ் குழுவோடு ஐரோப்பா போனார்கள். நம்பிப் போன இசைநாடகம் பாரிஸில் படுத்துவிட, மறுபடியும் ஊர் ஊராகக் கச்சேரி தேடி அலைச்சல். இந்தத் தொழிலில் இது தீராத வியாதி போலிருக்கிறது.

பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனோடு சேர்ந்தது இதே காலத்தில்தான். ஆறரை அடிக்கும் மேல் உயரமான மனிதர். அவர் மெட்டுகளை மெல்பா பெரிய குழுவுக்காக விரித்து எழுதுவார். 1960-ல் ரெக்கார்டு செய்த "உஹுரு ஆஃப்ரிகா" அப்படி வந்தது. அந்த இசைத்தட்டைத் தென்னாப்பிரிக்க அரசு தடை செய்தது. ஒரு இசைத்தட்டுக்குத் தடை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அறுபதுகளில் மோட்டவுன் கம்பெனிக்கும் எழுதினார். 1973-ல் ஜமைக்கா போய் ஆறு வருடம் இசைப் பள்ளியில் பாடம் நடத்தினார். 1979-ல் அமெரிக்கா திரும்பித் தன் சொந்தக் குழுவை ஆரம்பித்தார்.

1985-ல் பக்கவாதம். ஐம்பத்தொன்பது வயசு. சக்கர நாற்காலி. டிராம்போனுக்கு உதடு வேண்டும், மூச்சு வேண்டும், நீட்டி மடக்க ஒரு முழுக் கை வேண்டும். அத்தோடு ஊதுவது நின்றது.

ஆனால் எழுதுவது நிற்கவில்லை. பேனா பிடிக்கச் சிரமப்பட்டவர் கம்ப்யூட்டரில் நோட்ஸ் போடக் கற்றுக்கொண்டார். வெஸ்டனோடு 1991-ல் "தி ஸ்பிரிட்ஸ் ஆஃப் அவர் ஆன்செஸ்டர்ஸ்", 1993-ல் "வால்கேனோ ப்ளூஸ்" ரெண்டும் பக்கவாதத்துக்குப் பிறகு வந்த வேலைகள். நடுவில் 1987-ல் அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் கௌரவமும் கிடைத்தது. 1999 ஏப்ரலில் காலமானார்.

இனிமேல் எழுதப் போவது தங்கமணிக்கே தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

1996-ல் நான் பி.காம். இரண்டாம் வருடம். ஒரு பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், அரசாங்க வேலை, சம்பளம் உண்டு என்று மாஸ்டர் சொல்லி அனுப்பினார். அப்பாவிடம் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அப்பா விடவில்லை என்பது அப்படியே பொய். அவருக்குத் தெரியவே தெரியாது. முதலில் விருப்பப்பட்டதை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன், மூன்று பேரில் ஒருவர் தலையாட்டினார். பிறகு ஸ்டாண்டில் ஒரு தாளை வைத்து, "இதை வாசி தம்பி" என்றார்கள்.

ஐந்து கோடு. அதில் தலைப்பிரட்டை மாதிரிப் புள்ளிகள். நான் தாளைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "ஒருதடவை யாராவது வாசிச்சுக் காட்டினா வாசிச்சிடுவேன் சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னார், "அதுக்கு இல்லப்பா இங்க." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கேஸை மூடி மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்ததோடு சரி, அதன் பிறகு டிராம்போனைத் தொட்டதில்லை. மாஸ்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். அப்பா வேண்டாம்னுட்டாங்க சார் என்றேன். அன்றைக்குச் சொன்னதுதான், முப்பது வருடம் ஓடிவிட்டது. அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் மேல் இந்தப் பழியைச் சுமத்தியே எனக்குப் பழகிவிட்டது.

மெல்பாவும் டிராம்போனை வைத்துவிட்டுக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், நானும்தான் என்று முதல் நாள் ராத்திரி எனக்குள் ஒரு சின்ன கர்வம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. முழுசாகப் படித்த பிறகு அது போய்விட்டது. அவர் வைத்துவிட்டு வந்தது வாத்தியத்தை மட்டும். லிங்கன் தியேட்டரிலும் வில்சனிடமும் சேர்த்தது உள்ளே இருந்தது. கூப்பிட்டபோது எழுந்து போக முடிந்தது, கை போன பிறகும் வேலை செய்ய முடிந்தது. நான் வைத்துவிட்டு வந்தபோது என்னிடம் மிஞ்சியது எட்டு நம்பர். அந்தச் சனிக்கிழமைகளில் நான் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒரு டிராம்போன் வாங்கிவிட்டேன். பட்டறைப் பெரியவர் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடன் வாங்கியவரிடம் காசு கொடுத்துக்கூட வாங்கக் கூடாது என்று வேறு ஒரு கடைக்குப் போய், பில் போட்டு, கார்டில் கட்டி வாங்கினேன். (பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். விஜிலென்ஸ் நண்பர்கள் கவனிக்க.) கூடவே ஐந்து கோடு போட்ட ஒரு நோட்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பென்சிலை வைத்துக்கொண்டு எந்தக் கோட்டில் எது என்று எழுதிப் பழகுகிறேன். பொண்ணு ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்து சோதனை வைக்கிறாள். பள்ளியில் கீபோர்டு கற்றவள். "அப்பா, அது எஃப். நேத்தும் இதையேதான் தப்பா சொன்னீங்க."

கை இப்போது ஏழாவது இடத்துக்குத் தாராளமாக எட்டுகிறது. மூச்சுதான் நாலாவதிலேயே தீர்ந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, நோட்டைப் பார்த்து, நம்பர் எழுதிக்கொள்ளாமல், நாலு வரி வாசித்தேன். முடிப்பதற்குள் அழைப்பு மணி. எதிர் வீட்டுப் பையன், ஆறு வயசு, கண் நிறைய ஆசையோடு நிற்கிறான்.

"அங்கிள், பராத் எங்க வருது?"